நட்சத்திரக் குறி விழுந்த பதிவுகள்

1995ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏதோவொரு ரோலிங் மில்லில் 28 வயதில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு 2025இல் 58 வயது நிறைகிறது. திட்டத்தின்படி மாத ஓய்வூதியம் தொடங்கும் வயது அது. ஆனால் அதற்குக் குறைந்தது 10 ஆண்டுத் தகுதியான பணிக்காலம் வேண்டும். அது இல்லையென்றால் மாத ஓய்வூதியம் கிடையாது. ஒருமுறை தரும் தொகையோடு கணக்கு முடிந்துவிடும்.

கும்மிடிப்பூண்டியில் மில் மாறி மில் போவது சாதாரணம். கவரைப்பேட்டையிலிருந்தும் ஆரம்பாக்கத்திலிருந்தும், எல்லைக்கு அந்தப் பக்கம் தடாவிலிருந்தும் சூலூர்ப்பேட்டையிலிருந்தும் வந்து உலையடியில் நின்றவர்கள், சம்பளம் பத்து ரூபாய் கூடக் கிடைக்கும் இடத்துக்குப் போனார்கள். மூன்று இடங்களில் நான்கு நான்கு வருடம் என்றால் மொத்தம் 12. அதில் ஓர் இடத்தின் சான்று கிடைக்காமல் போனால் மிஞ்சுவது 8. ஒரு மனிதனின் முதுமைக்கால மாத வருமானம் முழுவதும் அந்த நான்கு வருடத்தில் தொங்குகிறது.

யு.ஏ.என். என்ற பொது எண் 2014இல்தான் வந்தது. அதற்கு முன்பே வேலையை விட்டவர்களின் தடம் பழைய பி.எஃப். எண்ணிலும் கம்பெனி வைத்திருந்த பதிவேட்டிலும் இருக்கிறது. 2022 நவம்பர் 4ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கூடுதல் ஊதியத்துக்கான ஓய்வூதிய வழக்கில் தீர்ப்பளித்த பிறகு இன்னொரு தேவையும் எழுந்தது. விண்ணப்பித்தவர்களுக்காக, 1995 வரை பின்னோக்கிப் போய் மாதவாரிச் சம்பள விவரத்தை நிறுவனங்கள் தேட வேண்டி வந்தது. ஓய்வூதியக் கணக்குக்கான ஊதிய உச்சவரம்பு முதலில் 5,000 ரூபாய், 2001 ஜூன் முதல் 6,500, 2014 செப்டம்பர் முதல் 15,000. அந்த வரம்புக்கு மேல் ஒருவர் உண்மையில் என்ன வாங்கினார் என்பது அந்தக் காலத்துச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கும்.

காகிதப் பட்டியல் என்றால் தண்ணீரும் கரையானும் விட்டுவைத்திருந்தால் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் பல இடங்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. ஆனால் டைம் ஆபீஸ்களில் 1980களின் பின்பாதியிலிருந்தே கம்ப்யூட்டர் நுழைந்துவிட்டது. டிபேஸ், கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் உள்ளூர் புரோகிராமர் யாராவது எழுதிக்கொடுத்த சம்பள மென்பொருள் ஓடியது. அது எழுதிவைத்த கோப்புகள் பழைய ஹார்ட் டிஸ்கிலோ, மேசை இழுப்பறையில் கிடக்கும் மூன்றரை அங்குல ஃபிளாப்பியிலோ இன்னும் இருக்கலாம். பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து டிபிஎஃப் என்ற மூன்றெழுத்து ஒட்டியிருந்தால், அதுதான்.

‘அதெல்லாம் இப்போது திறக்காது சார்’ என்பார்கள். மென்பொருள் திறக்காது என்பது சரி. இன்றைய 64 பிட் விண்டோஸ், 16 பிட் டாஸ் நிரல்களை ஏற்பதில்லை. 2021இல் வந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே உண்டு. ஆனால் மென்பொருள் வேறு, அது எழுதிய கோப்பு வேறு. எழுதிய மென்பொருள் செத்துப்போன பிறகும் இந்தக் கோப்பைப் படிக்கலாம். படிப்பதற்கு வேண்டிய கருவி எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் ஏற்கெனவே இருக்கிறது: பிரவுசர்.

கோப்பு தன்னைத் தானே சொல்கிறது

டிபிஎஃப் வடிவத்தின் ஊற்று கலிஃபோர்னியாவில், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த வேய்ன் ராட்லிஃப், கால்பந்துப் பந்தயக் கணக்குக்காக 1970களின் இறுதியில் வீட்டிலிருந்த சிறு கம்ப்யூட்டரில் ஒரு தரவுத்தள நிரலை எழுதினார். ஆய்வகத்தின் பெரிய கம்ப்யூட்டரில் ஓடிய ஜேபிஎல்டிஸ் என்ற நிரல் அவருக்கு முன்மாதிரி. வல்கன் என்று பெயரிட்டு விற்ற அதை ஆஷ்டன்-டேட் நிறுவனம் எடுத்து டிபேஸ் 2 என்ற பெயரில் சந்தைக்கு விட்டது. 1984இல் டிபேஸ் 3 வந்தது. இன்று நாம் காணும் கோப்புகளின் அமைப்பு பெரும்பாலும் அந்தப் பதிப்பினுடையது. பிறகு வந்த கிளிப்பரும் ஃபாக்ஸ்பேஸும் ஃபாக்ஸ்புரோவும் அதே அமைப்பைப் பின்பற்றின. ஃபாக்ஸ் நிறுவனத்தை 1992இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கான ஆதரவு 2015 ஜனவரியில் முடிந்தது. கம்பெனிகள் வந்தன, போயின. வடிவம் நின்றது.

நின்றதற்குக் காரணம் அதன் எளிமை. ராட்லிஃபின் காலத்துக் கம்ப்யூட்டரில் நினைவகம் 64 கிலோபைட்டுக்கு மேல் போகாது. தேடுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் நேரம் செலவழிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு விவரத்துக்கும் இத்தனை இடம் என்று முன்பே அளந்து ஒதுக்கிவிட்டார்கள். ரயில் முன்பதிவுப் படிவத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று எழுதுவோமே, அப்படி. பெயர் சிறிதாக இருந்தால் மிச்சக் கட்டங்கள் காலியாக நிற்கும். பெரிதாக இருந்தால் வால் அறுபடும்.

ஒரு மாதிரி அட்டவணையை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லின் தொழிலாளர் பட்டியல். டோக்கன் நம்பருக்கு 6 இடம், பெயருக்கு 25, சேர்ந்த தேதிக்கு 8, அடிப்படைச் சம்பளத்துக்கு 8, ஈ.எஸ்.ஐ. உண்டா இல்லையா என்பதற்கு 1. மொத்தம் 412 பேர். இந்தக் கோப்பின் முதல் 12 பைட்களை எண்களாக எழுதினால் இப்படி இருக்கும்:

3, 98, 3, 31, 156, 1, 0, 0, 193, 0, 49, 0

முதலில் நிற்கும் 3, இது டிபேஸ் 3 வகை என்கிறது. அங்கே 48 இருந்தால் விஷுவல் ஃபாக்ஸ்புரோ. 131 அல்லது 245 இருந்தால் நீளமான குறிப்புகளை வைத்திருக்கும் துணைக் கோப்பு ஒன்று தனியே இருக்க வேண்டும் என்று பொருள். அடுத்த மூன்றும் தேதி: 1998 மார்ச் 31. நிதியாண்டு முடியும் நாள். கடைசியாக அன்றுதான் இந்தக் கோப்பில் யாரோ எழுதியிருக்கிறார்கள். ஆண்டை 1900இலிருந்து எண்ணுவதால் 2000ஆம் ஆண்டுக்கு 100 என்று இருக்க வேண்டும். சில மென்பொருள்கள் 100 என்றும் சில 0 என்றும் எழுதின. ஆகவே அங்கே 0 கண்டால் 1900 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த நான்கு பைட்கள், 156, 1, 0, 0, பதிவுகளின் எண்ணிக்கை. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். அதற்கு மேல் போனால் அடுத்த பைட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்டெல் வகைச் செயலிகள் சிறிய மதிப்பை முதலில் எழுதும் பழக்கம் உடையவை. டிபிஎஃப் அதையே பின்பற்றுகிறது. எனவே முதல் பைட் ஒன்றுகளின் இடம், இரண்டாவது 256களின் இடம். 156 + 1 × 256 = 412. நாம் எண்களை எழுதுகிற வழக்கப்படி பெரிய மதிப்பு முதலில் என்று வாசித்தால் விடை 261 கோடியே 73 லட்சத்தைத் தாண்டும். வாசிக்கும் திசை ஒன்று மாறினால் ஒரு மில்லில் இந்திய மக்கள்தொகையைவிட அதிகம் பேர் வேலை பார்த்ததாகிவிடும்.

193 என்பது தலைப்பகுதியின் நீளம், 49 என்பது ஒரு பதிவின் நீளம். இரண்டையும் நாமே சரிபார்க்கலாம். தலைப்பகுதியில் முதலில் 32 பைட். பிறகு ஒவ்வொரு புலத்தையும், அதாவது டோக்கன் நம்பர், பெயர் போன்ற ஒவ்வொரு விவரத்தையும், விவரிக்க 32 பைட், ஐந்து புலங்களுக்கு 160. முடிவைக் காட்ட 13 என்ற மதிப்புள்ள ஒரு பைட். கூட்டினால் 193. பதிவின் நீளம் 6 + 25 + 8 + 8 + 1 = 48தானே, 49 எப்படி வந்தது? அந்த ஒரு பைட் எதற்கென்று பிறகு சொல்கிறேன். இந்த அத்தியாயம் எழுதப்படுவதே அந்த ஒரு பைட்டுக்காகத்தான்.

புல விவரிப்பும் எளிமையானதே. முதல் 11 பைட்களில் புலத்தின் பெயர், 10 எழுத்துக்கு மேல் போகாது. 12ஆவது பைட்டில் அதன் வகையைச் சொல்லும் ஓர் ஆங்கில எழுத்து: எழுத்துச்சரத்துக்கு சி, எண்ணுக்கு என், தேதிக்கு டி, ஆம்-இல்லைக்கு எல், நீளக் குறிப்புக்கு எம். 17ஆவது பைட்டில் அகலம், 18ஆவதில் தசம இடங்கள். பதிவுக்குள் எண்களும் தேதிகளும்கூட வெறும் எழுத்துகளாகவே நிற்கின்றன. 1,850 ரூபாய் சம்பளம் என்றால் ஒரு வெற்றிடமும் 1850.00 என்ற ஏழு குறிகளும். சேர்ந்த தேதி 19951116 என்று எட்டு இலக்கமாக நிற்கும். சங்கேதம் எதுவும் இல்லை. விஷுவல் ஃபாக்ஸ்புரோ வந்த பிறகு ரூபாயைப் பத்தாயிரத்தால் பெருக்கி 8 பைட் முழு எண்ணாக வைப்பது போன்ற சில சேர்க்கைகள் வந்தன. அவற்றுக்கும் விதி தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு கோப்பு தன்னை எப்படி வாசிக்க வேண்டும் என்பதைத் தன் தலையிலேயே எழுதிவைத்திருப்பதைத் தரவு உலகின் பெரிய நாகரிகங்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன். எழுதியவர் இல்லாத காலத்தில் வாசிக்க வருபவருக்காகச் செய்த ஏற்பாடு அது.

பிரவுசருக்குள்

பிரவுசர் என்றால் எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து பக்கத்தைக் கொண்டுவந்து காட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரவுசர்களுக்கு இன்னொரு திறன் கிடைத்தது. பயனர் தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்த கோப்பை, அவருடைய கம்ப்யூட்டரிலேயே, அந்தப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வாசிக்கலாம். கொடுத்த கோப்பை மட்டும்தான் வாசிக்க முடியும். பக்கத்து ஃபோல்டரை எட்டிப்பார்க்க முடியாது. இந்த வழியில் வாசிக்கும்போது மூலக் கோப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. பழைய ஆவணத்தைக் கையாள இதைவிடப் பொருத்தமான கட்டுப்பாடு இல்லை. டாஸ்பாக்ஸ் போன்ற போலி டாஸ் சூழலை நிறுவிப் பழைய சம்பள மென்பொருளையே ஓட்டலாம்தான். ஆனால் அது கடவுச்சொல் கேட்கும், திறந்தவுடன் இண்டெக்ஸைப் புதுப்பிக்கும், கடைசியாக எழுதிய தேதியை மாற்றிவிடும். சான்றாகப் பயன்பட வேண்டிய கோப்பில் இது நடக்கக் கூடாது.

நிரல் செய்ய வேண்டிய வேலை சிறியது. கோப்பை ஒரு பைட் வரிசையாக நினைவகத்தில் வாங்கிக்கொள்கிறது. டேட்டாவியூ என்ற வசதி, இத்தனையாவது பைட்டிலிருந்து நான்கு பைட்டை எடுத்து, சிறியது முதலில் என்ற முறையில் ஒரே எண்ணாகக் கொடு என்று கேட்டால் கொடுக்கும். 412 கிடைத்துவிட்டது. பிறகு புல விவரிப்புகளை 32 பைட்டுக்கு ஒன்றாக, 13 வரும்வரை படித்துத் தலைப்புகளை அமைக்கிறது. அதன்பின் ஒவ்வொரு பதிவையும் 49 பைட்டாக வெட்டி, புல அகலப்படி பிரித்து, திரையில் அட்டவணையாக எழுதுகிறது. 300ஆவது ஆளின் பதிவு மட்டும் வேண்டுமென்றால் 193 + 299 × 49 = 14,844ஆவது பைட் வரை தாண்டிப்போய் நேரே அங்கே இறங்கலாம். சீரான அகலம் தரும் பெரிய வசதி இது. லட்சக்கணக்கான பதிவுகள் உள்ள கோப்பிலும் முழுவதையும் வாசிக்காமல் வேண்டிய துண்டை மட்டும் வாங்கி, திரையில் தெரியும் வரிசைகளை மட்டும் வரைந்துகொண்டே போகலாம். இதற்கான நிரல் சில நூறு வரிகளில் அடங்கும். ஒரே ஒரு பக்கக் கோப்பாகப் பென் டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம்.

மின்வெட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டைம் ஆபீஸில் புதிய ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பதிவுகள் கோப்பின் கடைசியில் எழுதப்பட்டிருக்கும், தலைப்பகுதியில் உள்ள எண்ணிக்கை மட்டும் புதுப்பிக்கப்பட்டிருக்காது. மறுநாள் ஃபாக்ஸ்புரோ அந்தக் கோப்பைத் திறக்கவே மறுக்கலாம். பிரவுசரில் வாசிக்கும் நமக்கு இது தடையில்லை. நம் மாதிரிக் கோப்பின் அளவு 193 + 412 × 49 = 20,381, கடைசியில் முடிவுக்குறியாக 26 என்ற ஒரு பைட், ஆக 20,382 இருக்க வேண்டும். உண்மையில் 20,529 இருந்தால் 147 பைட் கூடுதல். அது மூன்று பதிவுகள். தலைப்பு எண்ணாமல் விட்ட மூன்று பேர் அங்கே இருக்கிறார்கள். நல்ல வாசிப்பு நிரல் தலைப்பகுதியின் எண்ணிக்கையையும் கோப்பின் அளவையும் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் அதை வாசிப்பவருக்குச் சொல்ல வேண்டும்.

இப்போது 48ஐ 49 ஆக்கிய அந்த ஒரு பைட். ஒவ்வொரு பதிவும் டோக்கன் நம்பரோடு தொடங்குவதில்லை. அதற்கு முன்னால் ஒரு பைட் இருக்கிறது. அதில் 32 இருந்தால், அதாவது வெற்றிடம் இருந்தால், பதிவு உயிரோடு இருக்கிறது. 42 இருந்தால், அதாவது நட்சத்திரக் குறி இருந்தால், பதிவு நீக்கப்பட்டது. டிபேஸில் நீக்கு என்ற கட்டளை செய்வது இந்தக் குறியைப் போடுவதை மட்டுமே. பெயர், தேதி, சம்பளம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். மீட்பதற்கான கட்டளை அந்த நட்சத்திரத்தை எடுத்துவிட்டு வெற்றிடத்தைப் போடும். பேக் என்ற கட்டளையைக் கொடுத்தால்தான் நட்சத்திரம் விழுந்த பதிவுகள் உண்மையாகவே கழித்துக்கட்டப்பட்டு, கோப்பு சுருங்கும். 1980களின் மெதுவான டிஸ்க்கில் ஒரு பதிவை நீக்க முழுக் கோப்பையும் திருப்பி எழுதுவது கட்டுப்படியாகாது என்பதால் செய்த ஏற்பாடு.

சம்பளப் பட்டியலில் யார் பெயருக்கு முன்னால் நட்சத்திரம் விழும்? வேலையை விட்டுப் போனவருக்கு. 1997இல் கணக்கு முடித்துக்கொண்டு பக்கத்து மில்லுக்குப் போனவரை, அடுத்த மாதப் பட்டியலில் வராமலிருக்க டைம் ஆபீஸ் கிளார்க் நீக்கியிருப்பார். இன்று நான்கு வருடச் சான்றைத் தேடி வருகிறவரும் அவரேதான். ஆனால் டிபிஎஃப் கோப்பைத் திறக்கும் பெரும்பாலான கருவிகள் நட்சத்திரம் விழுந்த பதிவுகளைத் தாமாகவே மறைத்துவிடுகின்றன. நீக்கப்பட்டதை எதற்குக் காட்ட வேண்டும் என்பது பொதுவாக நியாயமான எண்ணம்தான். தொழிலாளர் பதிவேட்டில் அது பெரிய அநியாயமாக முடியும். பட்டியலைப் பார்த்துவிட்டு ‘உங்கள் பெயர் இதில் இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பெயர் இருக்கிறது, கருவிதான் அதைக் காட்டவில்லை.

ஆகவே இதற்கென்று ஒரு பிரவுசர் பக்கத்தை எழுதுகிறவர்களுக்கு நான் வைக்கும் முதல் கோரிக்கை: நீக்கப்பட்ட பதிவுகளையும் காட்டுங்கள், வேறு நிறத்தில் காட்டுங்கள், அவை எத்தனை என்று மேலே எழுதுங்கள். பேக் கொடுத்துக் கழித்துவிட்ட கோப்பு என்றாலும் கைவிட வேண்டியதில்லை. நம் மாதிரிக் கோப்பு 20 கிலோபைட், 1.44 மெகாபைட் ஃபிளாப்பி ஒன்றில் இப்படி சுமார் 70 கோப்புகள் கொள்ளும். மாதாமாதம் பேக்கப் எடுத்துவைத்த அலுவலகங்களில் 1998 மார்ச்சுக் கோப்பில் இல்லாதவர் 1997 ஜூன் கோப்பில் இருப்பார்.

பெயர்களும் ஊர்களும்

பெரும்பாலான சம்பளக் கோப்புகளில் பெயர்கள் ஆங்கிலப் பேரெழுத்தில் இருக்கும். பிரச்சினை எழுத்துப்பிழையிலும் அறுபட்ட வாலிலும் வரும். கும்மிடிப்பூண்டி என்பதை ஆங்கிலத்தில் எழுத 13 எழுத்து வேண்டும். ஊருக்கு 12 இடம் ஒதுக்கிய அட்டவணையில் கடைசி எழுத்து விழுந்துவிடும்; முழுப் பெயரைக் கொடுத்துத் தேடினால் ஒருவர்கூடக் கிடைக்க மாட்டார். மாவட்டத்தின் பெயரும் நிலையாக நிற்கவில்லை. திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பிறந்தது. அதற்கு முந்திய கோப்புகளில் பொன்னேரிக்காரரும் செங்கை-எம்.ஜி.ஆர். மாவட்டத்துக்காரர்தான். அம்பத்தூர் 2018இல் சென்னை மாவட்டத்துக்குப் போனது. ஒரே வீட்டில் இருந்தவர் மூன்று மாவட்டத்துக்காரராகப் பதிவாகியிருக்கலாம். பெயரை வைத்துத் தேடுவதைவிட, பி.எஃப். எண்ணையும் சேர்ந்த தேதியையும் வைத்துத் தேடுவது பாதுகாப்பானது.

தமிழில் எழுதிய கோப்பு கிடைத்தால் வேறு வேலை. டிபிஎஃப் தலைப்பகுதியின் 30ஆவது பைட் மொழிக் குறியீட்டுக்கானது, ஆனால் தமிழைச் சொல்லும் எண் அதில் கிடையாது. டாஸ் காலத்தில் சி-டாக்கின் ஜிஸ்ட் கார்டைப் பொருத்தி டிபேஸுக்குள்ளேயே இந்திய மொழிகளைத் தட்டச்சு செய்ய முடிந்தது. அது பயன்படுத்திய இஸ்கி என்ற குறியீட்டில் முருகன் என்ற பெயர் ஏழு பைட்: 204, 221, 207, 221, 179, 199, 232. பிரவுசர் இவற்றை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று எண்ணிக்கொண்டால் கோடும் புள்ளியும் போட்ட அந்நிய எழுத்துகளாகத் திரையில் காட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் தூக்கிப் போடுவது இந்த இடத்தில்தான். உண்மையில் ஒரு பைட் கூடக் கெடவில்லை. 204 ம, 221 உகரக் குறி, 207 ர, 179 க, 199 ன, 232 புள்ளி என்று ஒரு மாற்று அட்டவணை போட்டால் பெயர் திரும்ப வந்துவிடும். யூனிகோடில் தமிழுக்கான அடுக்கு இஸ்கியைப் பின்பற்றியே அமைந்ததால் இந்த மாற்றம் சுலபம்.

எழுத்துரு சார்ந்த குறியீடுகள் கடினமானவை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் குறியீடுகளிலும், அதற்கு முன்பிருந்தே புழங்கிய டிஸ்கியிலும், கொம்பு முதலில், மெய் பிறகு என்று கண்ணால் காணும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்பட்டன. யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. ஆகவே மாற்றுவதோடு இடமும் மாற்றிப் போட வேண்டும். எந்தக் குறியீடு என்று கோப்பு சொல்லாததால், வாசிப்பவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் தெரிந்த பெயர் தெரிகிறதா என்று பார்க்கும் வசதியைப் பக்கத்தில் வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

ஓர் எச்சரிக்கை: மாற்றிய பெயரைத் திரும்ப அதே டிபிஎஃப் கோப்பில் எழுதாதீர்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். இஸ்கியில் 7 பைட்டில் இருந்த முருகன் 21 பைட் ஆகிவிடுவார். 25 இடம் உள்ள புலத்தில் கிருஷ்ணமூர்த்தி கொள்ளமாட்டார். மாற்றியதைப் புதிய கோப்பில் வையுங்கள், பழையதைத் தொடாதீர்கள்.

பழைய சம்பளக் கோப்பு கையில் இல்லாதவர்களும் இதைப் பழகிப் பார்க்கலாம். 1990களின் தொடக்கத்தில் எஸ்ரி நிறுவனம் வரைபடங்களுக்காக ஷேப்ஃபைல் என்ற வடிவத்தை உருவாக்கியபோது, இடங்களின் விவரங்களை வைக்க டிபிஎஃப்பையே எடுத்துக்கொண்டது. இன்றும் உலகெங்கும் வரைபடத் தரவு அந்த வடிவில் வருகிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதி எல்லைகளின் ஷேப்ஃபைல் ஒன்றை இறக்கி, அதனுடன் வரும் டிபிஎஃப்பைத் திறந்து தொகுதி எண் வரிசையில் அடுக்குங்கள். 234 தொகுதிகளில் முதலாவதாக நிற்பது கும்மிடிப்பூண்டி. அடுத்தது பொன்னேரி, பிறகு திருத்தணி, நான்காவது திருவள்ளூர்.

சம்பளக் கோப்புக்குத் திரும்புவோம். இணையத்தில் ‘உங்கள் டிபிஎஃப் கோப்பை இங்கே ஏற்றுங்கள், எக்செல் ஆக்கித் தருகிறோம்’ என்று அழைக்கும் தளங்கள் பல உண்டு. நூற்றுக்கணக்கான தொழிலாளர்களின் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, பி.எஃப். எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் உள்ள கோப்பை யாரென்று தெரியாத சர்வருக்கு அனுப்புவது அவர்களுக்குச் செய்யும் துரோகம். 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இத்தகைய விவரங்களைக் காக்கும் பொறுப்பை நிறுவனங்கள் மீது வைக்கிறது. கோப்பு வெளியே போகவில்லை என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பக்கத்தைத் திறந்துகொண்டு, வைஃபையை அணைத்து, நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கிவிட்டுப் பிறகு கோப்பைக் கொடுங்கள். அட்டவணை வந்துவிட்டால் வேலை முழுவதும் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிறது. வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு நெட்டை இணையுங்கள். பக்கத்தை எழுதுகிறவர், எந்த வெளி முகவரிக்கும் தொடர்புகொள்ளக் கூடாது என்று பிரவுசருக்கு ஆணையிடும் ஒரு வரியைத் தலைப்பிலேயே சேர்த்துவிடலாம். பிரவுசர் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தும். லிப்ரே ஆபீஸ் நிறுவியிருப்பவர்கள் இணையமே இல்லாமல் அதன் கால்க் நிரலிலும் இந்தக் கோப்புகளைத் திறக்கலாம். இஸ்கித் தமிழும் நட்சத்திரப் பதிவுகளும் தேவைப்படும்போதுதான் தனிப் பக்கம் அவசியமாகிறது.

ஃபிளாப்பியிலிருந்து எடுப்பதிலும் முறை உண்டு. முதலில் ஃபிளாப்பியின் மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளை தெரியும்படி வையுங்கள். அப்போது டிரைவ் அதில் எழுதாது. யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் போட்டு முழுவதையும் படியெடுங்கள். டிபிஎஃப்பை மட்டும் எடுத்தால் போதாது. டிபிடி, எஃப்பிடி என்ற பெயரில் இருப்பவை நீளக் குறிப்புகள். சஸ்பென்ஷன், விபத்து, நீண்ட விடுப்பு போன்றவற்றை அங்கேதான் எழுதியிருப்பார்கள். டிபிஎஃப்புக்குள் அந்தக் குறிப்பு எத்தனையாவது தொகுதியில் இருக்கிறது என்ற எண் மட்டும்தான் இருக்கும். இண்டெக்ஸ் கோப்புகள் இல்லாவிட்டால் பரவாயில்லை.

பி.எஃப். அதிகாரியிடம் கொடுக்கும் அச்சுப்பிரதியில் வெறும் பெயரும் தேதியும் போதாது. கோப்பின் பெயர், தலைப்பகுதி சொல்லும் கடைசித் தேதி, எத்தனையாவது பதிவு, நட்சத்திரம் விழுந்ததா இல்லையா ஆகிய நான்கும் அதே தாளில் இருக்க வேண்டும். கூடவே கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பு. கோப்பின் எல்லா பைட்களையும் சேர்த்துக் கணக்கிட்டு 64 குறிகளாகத் தரும் எண் அது. ஒரே ஒரு பைட் மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். பிரவுசருக்குள்ளேயே இதைக் கணக்கிடும் வசதி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்‌ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில் இந்த மதிப்பை எழுதுவதற்கென்றே இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. படியெடுத்த அன்றே அதைக் கணக்கிட்டு, தேதியோடு எழுதி, படியெடுத்தவரும் நிறுவனத்தின் பொறுப்பாளரும் கையெழுத்திட்டு வைத்துவிட்டால், 1997இல் நட்சத்திரம் விழுந்த பதிவை நீங்களாக இப்போது சேர்த்தீர்களா என்று யாராவது கேட்டால் பதில் அந்தத் தாளிலேயே இருக்கும்.